இரவுச் சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

எடை கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் நம்மவர்கள் முதலில் கை வைப்பது காலைப் பசியாறலில்தான். வெறும் காப்பியோடு ரயிலேறி, மதியம் உணவங்காடி நிலையத்தில் எதையோ கொறித்துவிட்டு, இன்று கட்டுப்பாடாக இருந்துவிட்டோம் என்று திருப்திப்படுவார்கள். வீடு வந்து சேர இரவு எட்டாகிவிடும். குளித்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, ஒன்பதரைக்குத் தட்டின் முன் உட்கார்ந்தால் பகல் முழுக்க அடக்கிய பசி வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். சோறு, மீன் குழம்பு, பொரித்த அப்பளம், கடைசியில் தயிருக்கென்று இன்னொரு கரண்டி சோறு. பதினொன்றுக்குப் படுக்கை. சிங்கப்பூரில் உள்ள தமிழ் வீடுகளில் நடக்கும் தவறுகளில் முதலிடத்தை இதற்குத்தான் கொடுப்பேன். நெய்யும் தேங்காய்ப்பாலும் பிறகுதான்.

இன்சுலின் காலையில் நன்றாக வேலை செய்யும். பொழுது சாயச் சாய அதன் வேகம் குறையும். அதனால் பகலில் சாப்பிடும் அதே அளவு சோறு இரவில் ரத்தச் சர்க்கரையை அதிகமாக ஏற்றுகிறது, இறங்கவும் நேரமெடுக்கிறது. பாஸ்டனில் உடல் எடை கூடிய 16 பேருக்கு ஒரே உணவை வழக்கமான நேரத்திலும், சுமார் நான்கு மணி நேரம் தள்ளியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில், தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, உடல் செலவழிக்கும் சக்தி குறைந்தது.

ரத்தநாளங்களின் கணக்கும் ஏறக்குறைய இதேதான். பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023இல் வெளியானது. இரவு எட்டுக்குள் முடிப்பவர்களைவிட, ஒன்பதுக்குப் பிறகு கடைசி வேளை உண்பவர்களுக்குப் பக்கவாதம் போன்ற மூளை ரத்தநாள நோய்களின் அபாயம் 28 விழுக்காடு அதிகமாக இருந்தது. பெண்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது. நேரம் ஒன்றே காரணம் என்று இத்தகைய ஆய்வு நிரூபித்துவிடாது. இருந்தாலும் ஒன்பதரைக்குத் தட்டை எடுப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏழு மணிக்கே வீட்டில் இருங்கள் என்று யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது. ஆனால் ஆறு மணிக்கு அலுவலகத்திலேயே இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். வீட்டில் பாதிச் சாப்பாடு போதும் என்று வயிறே சொல்லிவிடும்.

வார இறுதியின் நள்ளிரவுப் பரோட்டா தனிக் கதை. ஒன்றோடு நிறுத்தியவரை நான் பார்த்ததில்லை. மைதாவும் எண்ணெயும் போதாதென்று, தொட்டுக்கொள்ளும் குழம்பின் உப்பு ரத்த அழுத்தத்துக்கு வேலை வைக்கிறது. பக்கத்தில் டின் பால் ஊற்றிய தே தாரிக் வேறு. புட்டி, டின் பானங்களுக்கு 2022 டிசம்பரிலும், கடையில் கலக்கித் தருபவற்றுக்கு அடுத்த ஆண்டு டிசம்பரிலும் 'ஏ' முதல் 'டி' வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேடு வந்தது. நூறு மில்லிலிட்டரில் பத்து கிராமுக்கு மேல் சீனி இருந்தால் தரம் 'டி'. பரோட்டாவை விட மனமில்லையா, பானத்தையாவது கோசோங், அதாவது சீனி இல்லாமல், என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது பதினாறு மணி நேரம் பட்டினி கிடப்பது பெரிய மோகமாகிவிட்டது. சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில், கலோரியைக் குறைத்தவர்களும், அதே அளவு குறைத்ததோடு எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் எடை இழந்தார்கள். நேரம் பார்த்துப் பட்டினி கிடந்துவிட்டுப் பிரியாணியில் பாய்ந்தால் பலன் இருக்காது. நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். பலதுறை மருந்தகத்தில் கேட்காமல் ஒரு வேளையைக்கூடத் தவிர்க்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை விரதத்தை வடை பாயசத்தோடு முடிப்பவர்களுக்கும், சைவம் என்றாலே இதயத்துக்கு நல்லது என்று பொரித்த சோயா இறைச்சியை அள்ளிப் போட்டுக்கொள்பவர்களுக்கும் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய்க்குச் சைவம் அசைவம் தெரியாது.

"நான் ஒல்லிதானே" என்பதும் ஒரு பொய்யான ஆறுதல். சிங்கப்பூரில், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் எடைக் குறியீடு (BMI) 23ஐத் தொட்டாலே அபாயம் தொடங்குவதாகக் கொள்கிறார்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வருவது நம்மில் சகஜம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் எட்டினால் கவனிக்க வேண்டும். நாற்பது வயதைத் தொட்டவர்கள் நோய் வருமுன் காக்கும் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம்.

இரவு வேலை பார்க்கும் தாதியருக்கும் பாதுகாவலர்களுக்கும் மேலே சொன்ன நேரக்கணக்கு அப்படியே பொருந்தாது. பணிக்குப் போகும் முன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு ஒரு பழமோ கொஞ்சம் கடலையோ மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. விடிகாலை மூன்று மணிக்கு மீ கோரெங் பொட்டலத்தைப் பிரிப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.