"அடுத்தது" எந்தப் பக்கம் போகும்?

மட்டக்களப்புக் கூத்துகளுக்கு ஒரு இணையத் தொகுப்புச் செய்துகொண்டிருந்தேன். வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்துப் பாணிகளின்படி ஒரு வழி. ஊர் ஊராக இன்னொரு வழி. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் காட்டினேன். தன் ஊரான கன்னன்குடாவைத் திறந்து, ஒரு வடமோடிக் கூத்தைப் பார்த்துவிட்டு "அடுத்தது" பட்டனைத் தட்டினார். வேறு ஊர்க் கூத்து வந்து நின்றது. "மனே, எங்கட ஊர்க் கூத்து எங்க போயிற்று?" என்றார். மனம் சுருக்கென்றது.

"அடுத்தது" இணைப்பை நான், நிரலில் ஒவ்வொரு கூத்தையும் குறிக்கும் பொருளுக்குள்ளேயே (object) எழுதிவைத்திருந்ததுதான் பிழை. டானியல் ஷ்வாபேயும் குஸ்தாவோ ரொஸ்ஸியும் 1990களில் உருவாக்கிய ஓஓஎச்டிஎம் (OOHDM) என்ற, இணைப்புகள் கொண்ட தளங்களை வடிவமைக்கும் முறை, கருத்து, வழிசெலுத்தல், அருவ இடைமுகம், நிறைவேற்றம் என வேலையைப் பிரிக்கிறது. அதில் எனக்குக் கைகொடுத்தது "வழிசெலுத்தற் சூழல்". கூத்துக்குத் தன் பெயர், மோடி, ஊர் தெரிந்தால் போதும். அடுத்தது எது என்பதை, பார்ப்பவர் எந்தத் தொகுதி வழியாக வந்தார் என்பதே தீர்மானிக்கும். எவ்வளவு அழகான யோசனை!

சரி என்று இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஊர்வழி, மோடிவழி என நிரலில் இரண்டு சூழல் வகுப்புகள் (class) எழுதினேன். பட்டனுக்கு மேலே இப்போது "கன்னன்குடா: 3 / 7" என்று தெரியும். அண்ணாவியார் மறுபடி தட்டினார். ஏழாவது வரை ஊரைவிட்டு வெளியே போகவில்லை.