புளூகிராஸ் இசையைக் கேட்கப் பழகும் முறை

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழைய பாட்டுகளிலிருந்து வளர்ந்த புளூகிராஸ் இசையை முதன்முறை கேட்பவர்கள் அதன் வேகத்தில் மிரண்டுபோவதுண்டு. ஐந்து நரம்பு வாத்தியங்கள் ஒன்றாக ஓடுகின்றன. தோல் மேளம் எதுவும் இல்லை. கோவலன் கூத்தின் மத்தளத்தைக் கேட்டு வளர்ந்த வன்னிக் காது தாளத்தைத் தேடி அலையும். ஆகவே தாளத்திலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் பில் மன்றோவின் குழு 1946, 1947 ஆம் ஆண்டுகளில் பதிவுசெய்த பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த மன்றோ, தம் மாநிலத்துக்குப் பெயர் வாங்கித் தந்த புல்லின் பெயரைக் குழுவுக்கு வைத்தார். பின்னர் அதுவே இந்த இசைவகையின் பெயராயிற்று. ஒரே பாட்டைப் பல தடவை கேளுங்கள். முதல் தடவையில் பெரிய பேஸ் வாத்தியத்தை மட்டும் கவனியுங்கள். நான்கு அடிகள் கொண்ட தாளத்தில் அது ஒன்றாம், மூன்றாம் அடிகளில் விழும். அடுத்த தடவை மன்றோவின் மண்டலினைக் கவனியுங்கள். இரண்டாம், நான்காம் அடிகளில் தந்திகளை அடித்தவுடனேயே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஓசையை அறுத்துவிடுவதால், ‘சக்’ என்ற வெட்டு மட்டும் மிஞ்சும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் மத்தளக்காரர் ஒருவருக்கு, சிறுபோக அறுவடை முடிந்த ஒரு மாலையில், கைத்தொலைபேசியில் இதைப் போட்டுக் காட்டினேன். இரண்டாம் முறை கேட்கும்போதே அவருடைய கைகள் தொடையில் மாறிமாறி விழத் தொடங்கிவிட்டன. “மத்தளத்தைப் பிரிச்சு ரெண்டு பேரிட்டக் குடுத்திருக்கினம், தம்பி” என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

தாளம் பிடிபட்டபின் பான்ஜோவுக்குப் போகலாம். வட கரோலைனாவைச் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 இன் இறுதியில் மன்றோவுடன் சேர்ந்து, பெருவிரலாலும் இரண்டு விரல்களாலும் இடைவிடாமல் மீட்டும் தம் முறையைக் கொண்டுவந்தார். அந்தச் சுரமழைக்குள் மெட்டு ஒளிந்திருக்கும்; அழுத்தமாக விழும் சுரங்களை மட்டும் பின்தொடர்ந்தால் அது வெளிப்படும். குட்டையான ஐந்தாம் தந்தி ஒரே சுரத்தில் திரும்பத் திரும்ப ஒலிப்பதைச் சுருதியாகக் கொள்ளுங்கள். வளையத்தில் தோல் இழுத்துக் கட்டிய இந்த வாத்தியம், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்க மக்களிடமிருந்து வந்தது. மன்றோவும் தம் இளவயதில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடமிருந்து நிறையப் பெற்றுக்கொண்டார். எனவே இதை வெள்ளையரின் மலையிசை என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே.

குரலைக் கடைசியாகக் கேளுங்கள், ஆனால் அதிக நேரம் கேளுங்கள். வேர்ஜீனியா மலைகளில் பிறந்த புளூகிராஸ் பாடகர்களான ஸ்டான்லி சகோதரர்களில் இளையவரான ரால்ஃப், மெட்டுக்கு மேலே எழுந்து பாடும்போது, வயல்வெளியின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் நிற்பவரைக் கூப்பிடும் குரல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. விட்டுவந்த வீடு, தாயின் கல்லறை, பிழைப்புக்காக அமெரிக்காவின் வடக்கிலுள்ள தொழிற்சாலை நகரங்களுக்குப் போனவர்களின் ஏக்கம் ஆகியவை இப்பாட்டுகளில் அடிக்கடி வரும். பெட்டியும் பாயுமாக ஒருமுறையேனும் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் ஒப்பாரி துயரத்தோடு சேர்ந்து மெல்ல நடக்கும். இங்கோ சொல் அழ, தாளம் ஓடும். இந்த இசை இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்த முரணே முதற்காரணம் என்பது என் எண்ணம்.

வாசித்துப் பார்க்க விரும்புவோருக்குப் பான்ஜோ கிடைக்காமற் போகலாம். ஒரு கிற்றாரும் ஒரு வயலினும் போதும். ஜி, சி, டி என்ற மூன்று கோர்ட்களில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளில்) ஏராளமான பாட்டுகள் அடங்கிவிடும். ஒலிபெருக்கியைத் தொடாமல், விறாந்தையில் வட்டமாக உட்காருங்கள். முற்காலக் குழுக்கள் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று, தம் முறை வந்தவர் முன்னே வர மற்றவர்கள் விலகி வழிவிட்டே ஒலியளவைச் சமன் செய்தார்கள். பாடுபவரின் சொல் உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் நீங்கள் கூடுதலாக ஒலிக்கிறீர்கள் என்று பொருள். அப்போது கையைத் தணியுங்கள். அவர் பாட்டின் ஒரு வரியை முடித்து மூச்செடுக்கும் அந்தச் சிறிய இடைவெளியில் மட்டும் வயலின் நுழையட்டும்.