புது பிளாக்குக்கு பேக்லிங்க் சேக்குறது எப்படி: ஏமாந்தவன் சொல்றேன்

பேக்லிங்க்னா மத்த சைட்டுல இருந்து உங்க பக்கத்துக்கு வர்ற லிங்க். அது நிறைய இருந்தா கூகுள் தேடல்ல மேல வந்துடலாம்னு நம்பி, நான் பிளாக் ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே, "500 பேக்லிங்க், ஒரே பேக்கேஜ், பத்தே நாள்"னு மெயில் அனுப்புன ஒருத்தர்கிட்ட காசைக் கட்டுனவன். சொன்ன மாதிரியே பத்து நாள்ல ஒரு எக்ஸெல் ஷீட் வந்துச்சு, நானும் ஆசையா ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். பாதி லிங்க் ஏதோ சூதாட்ட சைட்டோட கமெண்டுக்கு கீழ, மீதி எவனும் எட்டிப் பாக்காத டைரக்டரி பக்கத்துல. ஒரு விசிட்டர்கூட வரல, ரேங்க் ஒரு இடம்கூட நகரல.

ஏன் நகரலன்னு அப்புறமா உக்காந்து படிச்சப்பதான் புரிஞ்சுது. 1998ல கூகுளை ஆரம்பிச்ச லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் எழுதுன பேஜ்ரேங்க் ஐடியாவே என்னன்னா, லிங்க் ஒரு ஓட்டு மாதிரி, ஆனா எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. உங்களுக்கு லிங்க் குடுக்குற பக்கத்துக்கே எவ்வளவு வெயிட் இருக்குங்கறதைப் பொறுத்துதான் உங்களுக்கு கிடைக்கும், அதுவும் அந்தப் பக்கத்துல இருக்குற மத்த லிங்க்கோட பங்கு போட்டுத்தான். வெயிட்டே இல்லாத 500 பக்கத்துல இருந்து வந்தா 500 பூஜ்யம், அவ்ளோதான். 2012 ஏப்ரல்ல கூகுள் பெங்குயின்னு போலி லிங்க்கை பிடிக்குற அப்டேட் விட்டப்ப இந்த மாதிரி லிங்க் வச்சிருந்த சைட்டெல்லாம் சரசரன்னு கீழ போச்சு, 2016ல இருந்து பெரும்பாலும் அந்த லிங்க்கை கணக்குலயே எடுக்காம விட்டுடறாங்க. அதனால என் சைட் தப்பிச்சுது, காசு மட்டும் போச்சு. ஓவரா போனா மேனுவல் ஆக்ஷன்னு, கூகுள் ஆளுங்களே பாத்து குடுக்குற தண்டனை ஒண்ணு இன்னமும் இருக்கு, அதையும் மறந்துடாதீங்க.

சரி, நல்ல லிங்க்னா எது? நான் கேக்குறது ஒரே கேள்வி. கூகுளே இல்லன்னு வச்சுக்கோங்க, அப்பவும் இந்த லிங்க்கை யாராச்சும் கிளிக் பண்ணி வருவாங்களா? வருவாங்கன்னா அது நல்ல லிங்க். அப்படி பாத்தா உங்க சப்ஜெக்ட்டுக்கு சம்பந்தமான பக்கமா இருக்கணும், ஃபுட்டர்ல ஒளிஞ்சுக்காம கட்டுரைக்கு நடுவுல இருக்கணும், அந்தப் பக்கத்தை நிஜமா ஆளுங்க படிக்கணும். சைட்டோட மதிப்பு டிஏ 60, டிஆர் 70னு நம்பர் காட்டி விக்க வருவாங்க, அதெல்லாம் மோஸ் (Moz), ஏரெஃப்ஸ் (Ahrefs) மாதிரி கம்பெனிங்க அவங்களா போடுற மார்க்கு, கூகுள் அதை எடுத்துக்கறதில்ல. கூகுள் தன்னோட பேஜ்ரேங்க் நம்பரை டூல்பார்ல காட்டுறதையே 2016ல நிறுத்திடுச்சு.

நோஃபாலோ பத்தியும் நிறைய பேர் குழம்புறாங்க. இந்த லிங்க்கை ஓட்டா எண்ணாதன்னு கூகுளுக்கு சொல்ற டேக் அது, கமெண்ட் ஸ்பேமை அடக்குறதுக்குன்னு 2005ல வந்துச்சு, 2019ல காசு குடுத்த லிங்க்குக்கு ஸ்பான்சர்டுனு ஒண்ணு, வாசகர்கள் போடுறதுக்கு யூஜிசின்னு ஒண்ணு சேத்தாங்க, அதோட நோஃபாலோவை கட்டாயமா இல்லாம ஒரு குறிப்பா எடுத்துக்கறோம்னும் சொல்லிட்டாங்க. விக்கிபீடியாவோட வெளி லிங்க் எல்லாமே நோஃபாலோதான். அதுக்காக யாராச்சும் விக்கிபீடியால இருந்து வர்ற ஆளை வேணாம்பாங்களா?

இப்ப வேலைக்கு வருவோம். லிங்க் கேக்க கிளம்புறதுக்கு முன்னாடி, லிங்க் குடுக்க தகுந்த பக்கம் ஒண்ணாச்சும் உங்ககிட்ட இருக்கணும். புது பிளாக்ல எல்லாரும் தடுக்கி விழுறது இங்கதான். "சைக்கிள் ஓட்டுறதால வர்ற பத்து நன்மைகள்"னு எழுதிட்டு லிங்க் கேட்டா எவன் குடுப்பான், அந்த மாதிரி லட்சம் பக்கம் இருக்கு. இன்னொருத்தர் எழுதும்போது "இதை நான் விளக்கிட்டு இருக்க முடியாது, அங்க போய் பாத்துக்கோங்க"னு கைகாட்ட தோணணும், அந்த மாதிரி பக்கம் வேணும். என்னுது சைக்கிள் ரிப்பேர் பிளாக். நான் எழுதுனது செயின் தேஞ்சிருக்கான்னு சாதா ஸ்கேலை வச்சு அளக்குறது எப்படின்னு ஒரே ஒரு பக்கம். செயின் கண்ணிகளை கோக்குற ஒரு பின்னோட நடுவுல ஸ்கேலோட பூஜ்யத்தை வச்சா அதுல இருந்து 24வது பின் சரியா 12 இஞ்ச்ல நிக்கணும், 1/16 இஞ்ச் தள்ளி நின்னா செயினை மாத்தணும், 1/8 தள்ளிட்டா பின்னாடி பல்சக்கரமும் போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இதை கிட்டத்துல எடுத்த நாலு போட்டோவோட, ஒரு சின்ன டேபிளோட போட்டேன். எழுத ஒரு சாயங்காலம், போட்டோ எடுக்க ரெண்டு நாள். இன்னைக்கு வரைக்கும் என் பிளாக்குக்கு வந்த லிங்க்ல முக்கால்வாசி இந்த ஒரு பக்கத்துக்குத்தான்.

அடுத்து யார்கிட்ட போறது? உங்க சப்ஜெக்ட் வார்த்தையோட "பயனுள்ள லிங்க்குகள்", "ரிசோர்சஸ்" மாதிரி வார்த்தைகளை ரெட்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டு தேடுங்க, ஆங்கிலத்துலயும் தேடுங்க. கிளப்புகள், வகுப்பு எடுக்குறவங்க, பொழுதுபோக்கா எழுதுறவங்கன்னு லிங்க் லிஸ்ட் வச்சிருக்குற பக்கங்கள் நிறைய வரும். அந்தப் பக்கத்துல செத்துப்போன லிங்க் இருக்கான்னு பாருங்க, அதுக்குன்னே இலவச பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு, 404 (பக்கம் இல்லங்கற பிழை) வர்றதை சிவப்புல காட்டிடும். கண்டிப்பா கிடைக்கும், 2013ல இருந்த வெப் பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷத்துல காணாம போயிடுச்சுன்னு அமெரிக்க ஆய்வு நிறுவனமான பியூ ரிசர்ச் 2024ல கணக்கு சொல்லியிருக்காங்க. செத்த லிங்க்கை காப்பி பண்ணி, பழைய வெப் பக்கங்களை சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்ல போட்டா பழைய பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும். அதுக்கு ஈடா உங்ககிட்ட பக்கம் இருந்தா மட்டும் மெயில் போடுங்க, இல்லன்னா விட்டுடுங்க.

நான் அனுப்புன மெயில் ஒண்ணு அப்படியே போடுறேன்:

"வணக்கம். உங்க சைக்கிள் பராமரிப்பு பக்கத்துல செயின் பகுதியில இருக்குற மூணாவது லிங்க்கை அழுத்துனா 404 வருது. செயின் தேய்மானத்தை அளக்குற படம் ஒண்ணு முன்னாடி அங்க இருந்துச்சு. ஸ்கேல் வச்சு அளக்குற முறையை நானும் போட்டோவோட எழுதியிருக்கேன், லிங்க் கீழ இருக்கு. பொருத்தமா இருந்தா சேத்துக்கோங்க, இல்லன்னாலும் அந்தப் பழைய லிங்க்கை எடுத்துட்டா படிக்கிறவங்களுக்கு உதவியா இருக்கும்."

அவ்ளோதான். "உங்க அருமையான கட்டுரையை ரசிச்சு படிச்சேன்"னு ஆரம்பிச்சீங்கன்னா நேரா ஸ்பேமுக்கு போயிடும், அந்த வரியை தினமும் பத்து பேர் அவங்களுக்கு அனுப்புறாங்க. எந்த லிங்க், எந்த இடத்துலன்னு சொல்றதுதான் நீங்க நிஜமா பக்கத்தை பாத்தீங்கங்கறதுக்கு சாட்சி. லிங்க்ல இந்த வார்த்தையைத்தான் போடணும்னும் கேக்காதீங்க. ஆங்கர் டெக்ஸ்ட்டை, அதாவது லிங்க்கா தெரியுற வார்த்தையை, அவங்க இஷ்டத்துக்கு விட்டா ஒருத்தர் பிளாக் பேரை போடுவார், ஒருத்தர் "இந்த போட்டோவை பாருங்க"ம்பார், அந்த கலவைதான் இயல்பு. எல்லா லிங்க்கும் ஒரே கீவேர்டுல வந்து நின்னா பாக்குறவனுக்கே சந்தேகம் வரும். ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், ரெண்டாவது தடவை வேணாம். நான் முதல் சுத்துல நாப்பது மெயில் போட்டேன், ஆறு பேர் பதில் சொன்னாங்க, மூணு பேர் லிங்க் வச்சாங்க. கம்மின்னு தோணும், ஆனா அந்த மூணுல இருந்தும் இன்னமும் ஆளுங்க வர்றாங்க.

இதைவிட சுலபமா ஒண்ணு இருக்கு, உங்க போட்டோ. நல்ல படம் போட்டா எடுத்துக்கிட்டு போயிடுவாங்க, கூகுள் லென்ஸ்ல போட்டு தேடுனா எங்கெல்லாம் இருக்குன்னு காட்டும். சண்டை போடாம "படம் என்னுது, தாராளமா வச்சுக்கோங்க, கீழ என் பக்கத்துக்கு ஒரு லிங்க் மட்டும் குடுத்துடுங்க"ன்னு கேட்டா பெரும்பாலும் குடுத்துடறாங்க. உங்க பிளாக் பேரை மட்டும் சொல்லி லிங்க் விட்டுப்போன இடத்துலயும் இதே கதைதான்.

கெஸ்ட் போஸ்ட், அதாவது அடுத்தவங்க சைட்டுக்கு கட்டுரை எழுதிக் குடுக்குறது, தப்பு இல்ல, ஆனா ஒரே கட்டுரையை மாத்தி மாத்தி எழுதி கீவேர்டு லிங்க்கோட ஐம்பது சைட்டுக்கு அனுப்புறதை கூகுளோட ஸ்பேம் விதியே தப்புங்குது. உங்க வாசகர்கள் நிஜமா இருக்குற ரெண்டு மூணு இடத்துல, உங்க பிளாக்ல போடுறதைவிட நல்ல கட்டுரையா குடுங்க. "நீ எனக்கு, நான் உனக்கு"ன்னு லிங்க் மாத்திக்கிறதும் அளவா இருக்குறவரைக்கும் பரவால்ல, அதையே தொழிலா பண்ணா மாட்டிக்குவீங்க.

உங்க பக்கத்துலயும் கொஞ்சம் வேலை இருக்கு. லிங்க் வந்த பக்கத்தோட முகவரியை மாத்தாதீங்க, மாத்தியே ஆகணும்னா, பழைய முகவரிக்கு வர்றவங்களை புதுசுக்கு அனுப்புற 301 ரீடைரக்ட் போடுங்க. நான் தீம் மாத்துனப்ப முகவரியெல்லாம் மாறி, கஷ்டப்பட்டு வாங்குன லிங்க் ரெண்டு மாசம் 404ல போய் முட்டிக்கிட்டு இருந்துச்சு, மத்தவங்க செத்த லிங்க்கை தேடிட்டு திரிஞ்ச எனக்கு அது தெரியல! அப்புறம் அந்த நல்ல பக்கத்துல இருந்து உங்களோட மத்த கட்டுரைகளுக்கு லிங்க் குடுங்க, வந்த வெயிட் அப்படித்தான் உள்ள பரவும்.

வந்த லிங்க்கை பாக்க கூகுளோட சர்ச் கன்சோல்ல லிங்க்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, இலவசம். தினமும் திறந்து பாக்காதீங்க, புது லிங்க் அதுல ஏற வாரக்கணக்குல ஆகும். சம்பந்தமே இல்லாத குப்பை சைட்டுங்களும் அதுல தெரியும், எல்லா சைட்டுக்கும் வர்றதுதான் அது. உடனே, இந்த லிங்க்கை கணக்குல எடுக்காதன்னு கூகுளுக்கு சொல்ற டிஸ்அவோ டூலை எடுத்துக்கிட்டு ஓடாதீங்க, மேனுவல் ஆக்ஷன் வந்திருந்தா, இல்ல நீங்களே காசு குடுத்து வாங்குனதால வரப்போகுதுன்னு பயமிருந்தா மட்டும்தான் அது. என் 500 லிங்க்ல பாதி இன்னமும் அந்த லிஸ்ட்லதான் கிடக்கு, நான் தொடல.