வாசிப்புக் குறிப்பேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் புனைவும் ஃபேன்டசியும் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் தங்கள் வாசிப்புக் குறிப்பேட்டை என்னிடம் காட்டுவதுண்டு. ஆசையாக வாங்கிப் பார்ப்பேன். ஆரம்ப காலத்தில் என் ஏட்டில் இருந்த அதே ஓட்டைகள் அவற்றிலும் இருக்கும். தேதி விட்டுப்போவது, பெயரில் எழுத்துப் பிழை வருவது போன்றவற்றை நான் பொருட்படுத்துவதில்லை. எழுத எழுத அவை சரியாகிவிடும். தானாகச் சரியாகாத தவறுகள் வேறு. அவற்றில் ஒன்றைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தலைப்பும் ஆசிரியர் பெயரும் போதும் என்று விட்டுவிடுவது

“சொலாரிஸ், ஸ்தானிஸ்வாவ் லெம். பிடித்தது.” பெரும்பாலான ஏடுகளில் பதிவு இப்படித்தான் இருக்கிறது. எந்த சொலாரிஸ்? போலிஷ் மொழியில் 1961இல் வந்த நாவல் அது. 1970இல் வெளியான ஆங்கில வடிவம் மூலத்திலிருந்து நேராகப் பெயர்க்கப்பட்டதல்ல; பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வழியாக வந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த லெம்முக்கே அதில் திருப்தியில்லை. போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான் கிடைத்தது. இரண்டிலும் பாத்திரங்களின் பெயர்கள்கூட ஒன்றல்ல. விண்வெளி நிலையத்தில் நாயகன் கெல்வின் முன் வந்து நிற்கும் பெண் ஒன்றில் ரெயா, மற்றதில் ஹாரே.

இந்த நாவலைப் பற்றிப் பேச உட்கார்ந்த இரண்டு இளம் வாசகர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் ரெயா என்றார், மற்றவர் அப்படி யாரும் கதையில் இல்லை என்று சாதித்தார். ஏடுகளைப் பிரித்தார்கள். இரண்டிலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லை, பதிப்பு ஆண்டும் இல்லை. நீ சரியாகப் படிக்கவில்லை, உனக்குத்தான் நினைவில்லை என்று பேச்சு வளர்ந்து, அந்த மாலை வீணானது. நாவலின் உயிரே, சொலாரிஸ் கோளை மூடியிருக்கும் அந்த உயிருள்ள கடல்தான். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு ஏட்டிலும் ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் இரு மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டுப் பேசியிருக்கலாம். அந்த வாய்ப்பு போனதுதான் எனக்கு ஆறவில்லை.

மொழிபெயர்ப்பு நூல்களில் மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் வெளியானது. 1831இல் அவரே திருத்திய பதிப்பு வந்தது. முதல் பதிப்பில் எலிசபெத், நாயகன் விக்டரின் அத்தை மகள். திருத்திய பதிப்பில் அவள் அனாதையாக இருந்து அந்தக் குடும்பம் எடுத்து வளர்த்த பெண். விக்டர் தானே தேடிக்கொண்ட அழிவா, விதி இழுத்துச் சென்ற அழிவா என்ற கேள்விக்கும் இரண்டு பதிப்புகளும் ஒரே பதிலைத் தருவதில்லை. இரண்டும் இன்று வரை அச்சில் இருக்கின்றன, ஒரே தலைப்பில். ஆன்டனி பர்ஜெஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவல் 1962இல் பிரிட்டனில் 21 அத்தியாயங்களோடு வந்தது. அமெரிக்கப் பதிப்பில் கடைசி அத்தியாயம் 1986 வரை இல்லை. நாயகனுக்கு வன்முறை சலித்துப்போகத் தொடங்குவது அந்த அத்தியாயத்தில்தான். பழைய பிரதியைப் படித்தவர் ஏட்டில் “இருண்ட முடிவு” என்று எழுதியிருப்பார். அது தவறான வாசிப்பு அல்ல. அவர் கையில் இருந்த நூல் அங்கேயே முடிந்துவிட்டது.

லியூ சிஷினின் ‘மூன்று உடல் பிரச்சினை’யை ஆங்கிலத்தில் படித்தவர்களுக்குக் கதை சீனாவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் தொடங்கும். சீன மொழியில் 2008இல் வந்த நூலில் அந்தப் பகுதி பின்னால் வருகிறது. “தொடக்கமே அதிரவைத்தது” என்று நீங்கள் எழுதியிருந்தால், 2014இல் வந்த ஆங்கில வடிவத்தைப் படித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த வரிக்குப் பொருள் உண்டு.

இந்த இலக்கிய வகையில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம் இருக்கிறது. பல படைப்புகள் முதலில் இதழ்களில் வந்தவை. அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ 1942 முதல் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் தனித்தனிக் கதைகளாக வந்தது. 1951இல் நூலானபோது, இன்று நாம் படிக்கும் முதல் பகுதி புதிதாக எழுதிச் சேர்க்கப்பட்டது. பழைய இதழில் ஒரு கதையைப் படித்தவரும் நூலைப் படித்தவரும் ஒரே தலைப்பை எழுதிக்கொள்கிறார்கள்.

பணமும் வீணாகும். ஆல்ஃபிரட் பெஸ்டரின் ‘டைகர்! டைகர்!’ 1956இல் பிரிட்டனில் வந்தது. அதே நாவல்தான் அமெரிக்காவில் ‘தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்’. முதல் பெயரில் படித்துவிட்டு இரண்டாவதை வேறு நாவல் என்று நம்பி வாங்கிய நண்பர் எனக்கு இருக்கிறார். பிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ அமெரிக்காவில் ‘தி கோல்டன் கம்பஸ்’ என்ற பெயரில் விற்கிறது.

எழுத வேண்டியது அதிகமில்லை. மூலத் தலைப்பு, அது முதலில் வெளியான ஆண்டு, உங்கள் கையில் உள்ள பதிப்பின் ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர். எல்லாம் பதிப்புரிமைப் பக்கத்திலேயே கிடைக்கும். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணையும் சேர்த்தால் இன்னும் நல்லது, ஏனெனில் வெவ்வேறு பதிப்புகளுக்கு வெவ்வேறு எண் தருகிறார்கள். 2007 முதல் அது 13 இலக்கம்; பழைய நூல்களில் 10 இலக்கம் இருந்தால் குழம்ப வேண்டாம். இரவல் நூல் என்றால் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். முன்பே படித்து முடித்தவற்றுக்கு விவரம் தெரியாவிட்டால் “பதிப்பு தெரியவில்லை” என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்பினால் பிறகு அதையே உண்மை என்று நம்பத் தொடங்கிவிடுவீர்கள்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்

காரணம் எழுதாத மதிப்பெண் அடுத்த வருடம் உங்களுக்கே புரியாது.

கடைசிப் பக்கம் வரை பேனாவைத் தொடாமல் இருப்பது

இந்த வகை நூல்களின் தனிச் சுவை, தெரியாத உலகத்துக்குள் வழி தெரியாமல் நுழைவதில் இருக்கிறது. யார் ஆள்கிறார்கள், மந்திரத்துக்கு என்ன விலை, வானத்தில் ஏன் இரண்டு சூரியன்கள் என்று முதல் நூறு பக்கங்களில் நாம் செய்யும் ஊகங்கள் அருமையானவை. நூலை முடித்தபின் விடை தெரிந்துவிடும். விடை தெரிந்தவர் எழுதும் குறிப்பில் அந்தத் திகைப்பு இருக்காது, பின்னட்டை வாசகம் போன்ற கதைச் சுருக்கம்தான் இருக்கும். கதைச் சுருக்கம் எங்கும் கிடைக்கும். உங்கள் ஊகம் வேறெங்கும் கிடைக்காது. கால்வாசியில் ஒருமுறையும் பாதியில் ஒருமுறையும் நிறுத்தி, “இப்போது நான் நினைப்பது” என்று மூன்று வரி எழுதுங்கள். தவறான ஊகத்தை அடிக்கவே கூடாது. ஆசிரியர் எந்த இடத்தில் நம்மைத் திசைதிருப்பினார் என்பதற்கு அதுதான் சாட்சி.

பாகம் முடிந்ததும் அப்படியே மூடிவைப்பது

ஃபேன்டசித் தொடர்களின் பாகங்களுக்கு இடையே நீண்ட இடைவெளி விழும். அர்சுலா லெ குவினின் ‘எர்த்சீ’ வரிசையில் மூன்றாவது நூல் 1972இல் வந்தது, நான்காவது 1990இல். எல்லாப் பாகங்களும் வந்துவிட்ட தொடரிலும் நாமே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விடுகிறோம். ஆகவே பாகம் முடிந்த அன்றே நான்கைந்து வரி எழுதிவைக்க வேண்டும். யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எங்கே இருக்கிறார்கள், எந்த ரகசியம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அடுத்த பாகத்தில் கதை புரியாமல் போவதும் பெரும்பாலும் அதனால்தான்.

பாதியில் விட்ட நூலை எழுதாமல் விடுவது

எழுதுங்கள். விட்ட பக்க எண்ணோடு.

ஆண்டுக்கு இத்தனை என்று கணக்கு வைப்பது

தடித்த நூல்களை அலமாரியிலேயே தங்கவைக்கும் பழக்கம் இது.

எந்த வரிசையில் படித்தோம் என்று எழுதாதது

சுஜாதாவின் ‘மீண்டும் ஜீனோ’வை முதலில் படித்துவிட்டுப் பிறகு அதன் முதல் பாகமான ‘என் இனிய இயந்திரா’வைத் தேடிப் போனவர்கள் உண்டு. சில தொடர்களில் வெளியான வரிசை ஒன்று, கதைக்கால வரிசை வேறொன்று. சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில் 1950இல் வந்ததுதான் முதல் நூல். 1955இல் வந்த ஆறாவது நூல் அதற்கு முந்தைய காலத்தைச் சொல்கிறது, பல பதிப்புகள் அதற்கே எண் 1 கொடுத்திருக்கின்றன. பனிக்காட்டின் நடுவே ஒரு விளக்குக் கம்பம் எப்படி வந்தது என்ற வியப்பு, 1950 நூலில் தொடங்குகிறவருக்கு மட்டுமே கிடைக்கும். மற்றவருக்கு விடை முன்பே தெரியும். வெளியான வரிசையில் படிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் வேறு வரிசையில் படித்திருந்தால் அதை ஒவ்வொரு பதிவிலும் எண்ணிட்டுக் குறித்துவையுங்கள். மறுவாசிப்புக்கு எடுக்கும்போது மற்ற வரிசையில் தொடங்கலாம்.