மழை தள்ளிப்போனாலும் குதிர் காலியாகாமல் இருக்க: மானாவாரிக் கேழ்வரகுக் கொல்லைக்கு ஒரு திட்டம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் ஆடியில் கேழ்வரகு விதைத்து, கார்த்திகையில் கதிரறுத்து, தையில் துவரை வெட்டுவது பழைய கணக்கு. இப்போது மழை இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு மூன்று வாரம் காய்கிறது. அந்தக் காய்ச்சல் கதிர் வரும் நேரத்தில் விழுந்தால் மணி பொக்காகிவிடும். விளைச்சல் பொய்த்த வருடத்தில் ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பிவிடும். பருப்புதான் தட்டிலிருந்து முதலில் காணாமல் போகும். ஆகவே திட்டத்தை அடுப்பிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்குத் தினம் 100 கிராம் மாவு, களியோ கூழோ, என்றால் வருடத்துக்கு 180 கிலோ கேழ்வரகு வேண்டும். ஆளுக்கு 50 கிராம் பருப்பு என்றால் 90 கிலோ. விற்பனைக்கு மூட்டை கட்டும் முன் இந்த அளவை ஒதுக்கிவிட வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. இன்னொன்று: காற்றில் கரியமில வாயு கூடக்கூட அரிசி, கோதுமையில் புரதம், இரும்பு, துத்தநாகம் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. கேழ்வரகு, சாமை போன்றவை கரியமில வாயுவை வேறு வழியில் பிடித்துச் சேர்க்கும் 'சி4' வகைப் பயிர்கள்; அவற்றை இது அவ்வளவாகத் தொடுவதில்லை.

முளைத்த பயிர் காய்ச்சலைத் தாங்க விதையைக் கடினப்படுத்துவது செலவில்லாத வேலை, ஆனால் பலர் தவிர்ப்பதும் இதைத்தான். ஒரு கிலோ கேழ்வரகுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி 6 மணி நேரம் ஊற விடுங்கள். வடித்து, ஈரத்துணிப் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் எடுத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். முளை வெளியே நீண்டுவிட்டால் உலர்த்தும்போதே செத்துவிடும்; இரண்டாம் நாள் காலையும் மாலையும் பையைத் திறந்து பார்க்க வேண்டும். வெயிலில் காயவைத்தாலும் கெட்டுப்போகும்.

முதல் தூறலுக்கு விதைக்காதீர்கள். மேல்மண் மட்டும் நனைந்திருந்தால் முளைத்த ஐந்தாம் நாளே வாடிவிடும். ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணை உருட்டுங்கள். உருண்டை பிடித்து, கீழே போட்டால் உதிர்ந்தால் விதைக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும், மணல் கலந்து, ஓரடி இடைவெளியில் சால் பிடித்து, 2 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் போடுங்கள். இன்னொரு 3 கிலோ வீட்டிலேயே இருக்கட்டும், மறுவிதைப்புக்கு.

எட்டு சால் கேழ்வரகு, ஒன்பதாவது சால் துவரை. அடுத்த எட்டு தாண்டி மொச்சை. துவரை அரைக் கிலோ, மொச்சை ஒன்றரைக் கிலோ ஓர் ஏக்கருக்குப் போதும். துவரையின் வேர் ஆழமாக இறங்கும், அது ஐந்தாறு மாதம் நிற்கும் பயிர். புரட்டாசியில் காய்ந்து கேழ்வரகு பாதியாகிப் போனாலும், ஐப்பசி மழையைப் பிடித்துத் துவரை காய்த்துவிடும். தானியப் புரதத்தில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. களிக்குப் பருப்புக் குழம்பு ஊற்றுவது சத்துக் கணக்கிலும் சரி. மேலுரமாக 15 கிலோ யூரியாவை மண்ணில் ஈரம் உள்ள நாளில் மட்டும் போடுங்கள். கூடுதலாகப் போட்டு, பிறகு மூட்டமும் தூறலுமாக இருந்தால் குலைநோய் விழும். அது ஆண்டுதோறும் வரும் கொல்லைக்கு ஜி.பி.யு. 28 போன்ற எதிர்ப்புள்ள ரகமே நல்லது.

ஆடி போயும் மழை இல்லையா? கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் 5 சென்டில் 2 கிலோ விதையை நாற்று விடுங்கள். அது ஓர் ஏக்கருக்கு ஆகும். 20 நாள் நாற்று நன்றாகத் தூர் கட்டும் (அடியிலிருந்து பக்கத் தண்டு விடும்), ஒரு மாதம் தாண்டியது அவ்வளவாகக் கட்டாது. ஆவணிக் கடைசியிலும் நடமுடியாவிட்டால் கேழ்வரகை மறந்துவிட்டு 85, 90 நாளில் வரும் சாமைக்குப் போங்கள். புரட்டாசியும் கழிந்தால் கொள்ளு, ஏக்கருக்கு 8 கிலோ. மூன்றையும் விட்டுவிட்டுத் தரிசாகப் போடுவதுதான் பெரிய நஷ்டம்.

களையெடுக்கும்போது பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை தானாக வரும். களைக்கொல்லி அடித்தால் களையோடு இந்த இலவசக் கீரையும் போய்விடும். அடித்த கொல்லையில் பறித்துத் தின்னவும் கூடாது. கையால் களையெடுக்கும் கொல்லையில் இருபதாம் நாள் வாக்கில் இளசாகப் பறித்து, தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்துச் சமைத்தால் இரும்புச்சத்து உடலில் ஒட்டும். சாப்பிட்டவுடன் டீ குடிப்பது அதைக் கெடுக்கும்.

கேழ்வரகு நன்கு காய்ந்திருந்தால் குதிரில் வருடக்கணக்கில் கெடாது. மாவாகத் திரித்தால் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். துவரையும் மொச்சையும்தான் வம்பு. பயறு வண்டு கொல்லையிலேயே காயில் முட்டையிட்டு வீட்டுக்கு வருகிறது, வெக்கை கூடினால் வேகமாகப் பெருகுகிறது. பல்லில் கடித்தால் டக்கென்று உடையும்வரை காயவைத்து, செம்மண் குழம்பைப் பூசி, மறுபடி காயவைத்து உடைத்துப் பருப்பாக்கி வையுங்கள். முழுப் பயறாக வைப்பது விதைக்கு வேண்டியது மட்டும். அதைக் காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.