குஸ்தார்: பிடிக்கும் என்று சொல்வதில் எங்கே சறுக்குகிறோம்?

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள் குஸ்தார் என்ற வினைச்சொல்லிடம் படும் பாடு நமக்குக் கிடையாது. 'மே குஸ்தா எல் காஃபே' என்றால் எனக்குக் காபி பிடிக்கும், அவ்வளவுதான், 'எனக்கு' கூட அதே இடத்தில் இருக்கிறது. இந்த ஒற்றுமையை நம்பி மனதில் தமிழை ஓடவிட்டால்தான் வம்பு.

தமிழில் மாம்பழம் ஒன்றோ நூறோ, 'பிடிக்கும்' அசையாது. ஸ்பானிஷில் பிடித்த பொருள்தான் எழுவாய் என்பதால் அது பன்மையானால் வினையும் மாறும்: மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ். செயல்களைச் சொல்லும்போது மட்டும் ஒருமை போதும்: மே குஸ்தா கந்தார் இ பைலார், பாடவும் ஆடவும் பிடிக்கும்.

பெரிய குழப்பம் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்பதில். நாம் 'உன்னை' என்று ஐ உருபு போட்டுப் பழகியதால் 'மே தே குஸ்தா' என்று வந்துவிடும். தப்பு. அங்கே 'நீ'தான் எழுவாய், ஆகவே மே குஸ்தாஸ். 'என்னைப் பிடிக்குமா?' என்று கேட்க, தே குஸ்தோ? சரி, இலக்கணம் சரியாகிவிட்டது, ஆனால் யாரிடம் சொல்கிறீர்கள்? ஆட்களைப் பற்றிச் சொன்னால் இது பெரும்பாலும் காதல் பக்கம் சாயும். எங்கள் ஆசிரியையைப் பாராட்டுவதாக நினைத்து நான் 'மே குஸ்தா லா ப்ரொஃபெசோரா' என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. நல்ல மனுஷி என்று மட்டும் சொல்ல 'மே காயே பியென்' இருக்கிறது. நேராகப் பார்த்தால் 'எனக்கு நன்றாக விழுகிறார்'!

'ஹுவானுக்குக் காபி பிடிக்கும்' என்பதற்கு 'ஆ ஹுவான்' மட்டும் போதாது, 'லே'யும் வேண்டும்: ஆ ஹுவான் லே குஸ்தா எல் காஃபே. 'ஹுவானுக்கு அவனுக்குப் பிடிக்கும்' என்பதுபோல் நம் காதுக்கு உறுத்தும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். காஃபேக்கு முன்னால் வரும் அந்த 'எல்'லையும் (ஆங்கிலத்தின் the போன்றது) விழுங்கிவிடாதீர்கள்.

கடையில் காபி கேட்க 'மே குஸ்தா' உதவாது, அது ருசியைச் சொல்வது. 'மே குஸ்தாரியா ஊன் காஃபே' என்று கேளுங்கள்.

குஸ்தார் என்ற சொல்லின் மூலம் லத்தீனின் குஸ்தாரே, அதாவது சுவைத்துப் பார்ப்பது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. மெக்ஸிகோவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் உங்களைப் பார்த்து 'குஸ்தா?' என்றால் 'சாப்பிடுறீங்களா?' என்ற உபசாரம் அது. வேண்டாமென்றால் 'நோ மே குஸ்தா' என்று அவர் தட்டைப் பழித்துவிடாதீர்கள். 'கிராசியாஸ், ப்ரோவேச்சோ' என்றால் போதும், நன்றி, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம்.