இங்கிலீஷ் வார்த்தையை வாக்கியத்தோடு படிப்பது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவருக்கும், கோவையில் லேத் ஓட்டுகிறவருக்கும் இங்கிலீஷ் பெயர்ச்சொற்கள் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் தெரியும். கட்டிங், ஓவர்லாக், ஃபேப்ரிக், ஷிப்மென்ட், பேரிங், ஷாஃப்ட், வைண்டிங், காஸ்டிங் என்று அடுக்கலாம். ஒரு மெயில் எழுத உட்கார்ந்தால் கை நிற்பது இவற்றால் அல்ல. இவற்றைச் சேர்த்துக் கட்டுகிற வினைச்சொல்லும், அதன் பின்னால் வருகிற டு, ஃபிரம், ஃபார் போன்ற குட்டிச் சொல்லும் வராததால்தான். அதனால் பழம், காய்கறி, விலங்கு என்று பட்டியல் போடுகிற புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு, வினைச்சொல்லில் தொடங்குங்கள்.

வார்த்தையை உங்கள் கைக்கு வருகிற காகிதத்திலிருந்தே எடுப்பது நல்லது. பையர் அனுப்பிய மெயில், மெஷினோடு வந்த மேனுவல், பேங்க் லோன் பேப்பர், பிள்ளையின் ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகம் எதுவானாலும் சரி. புரியாததை எல்லாம் கோடிடுங்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறை கண்ணில் பட்டதை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். அப்படிக் காகிதம் எதுவும் வராதவருக்குத் தயார்ப் பட்டியல் உண்டு. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், அடிக்கடி புழங்கும் சுமார் 2,000 சொற்களின் பட்டியலை 1953-ல் வெளியிட்டார். அதைப் புதுப்பித்து 2013-ல் சுமார் 2,800 சொற்களோடு வந்த நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தெரிந்ததைப் பென்சிலால் அடித்துவிட்டு, மீதியில் வினைச்சொல்லை முதலில் எடுங்கள்.

ஒரு நாளைக்கு 5 வார்த்தை போதும். ஞாயிற்றுக்கிழமை புதிது கூடாது. குறைவாகத் தோன்றலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வார்த்தையையும் கற்ற 1, 3, 7, 15, 30-ஆம் நாட்களில் திரும்பக் கேட்க வேண்டும். ஒரு மாதம் ஓடியபின், நாளொன்றுக்குப் பழையது மட்டும் ஏறக்குறைய 25 வந்து நிற்கும். பத்து நிமிட வேலை. ஆசையில் ஒரு நாளைக்கு 20 என்று தொடங்கினால் அதுவே 100 ஆகிவிடும். நோட்டு அலமாரிக்குப் போவது அப்போதுதான். மறதி முதல் ஓரிரு நாளில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். தொடக்கத்தில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் கேட்பது அதனால்தான்.

இனி நோட்டு. நீள நோட்டைக் குறுக்காகத் திருப்பி நான்கு பத்தி போடுங்கள். முதலில் வார்த்தை, அதோடு வரும் குட்டிச் சொல்லும் சேர்த்து. இரண்டாவதில் தமிழ் அர்த்தம், ஒன்றே ஒன்று. மூன்றாவதில் எங்கே பார்த்தீர்களோ அந்த வாக்கியம், எழுத்துப் பிசகாமல். நான்காவதில் உங்கள் சொந்த வாக்கியம்.

அர்த்தம் ஏன் ஒன்றே ஒன்று? டியூ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் பக்கம் இது தெரியாத ஆளே இல்லை. மாசம் பிறந்தால் வண்டி டியூ, வீட்டு டியூ. அந்த ஒரு அர்த்தத்தை வைத்துக்கொண்டு "த லாரி இஸ் டியூ அட் சிக்ஸ்" என்று படித்தால், லாரிக்கு ஆறு மணிக்குப் பணம் கட்ட வேண்டுமோ என்று குழம்பும். நோட்டில் இது இப்படி ஏற வேண்டும்:

டியூ ஆன் – கட்ட வேண்டிய தேதி – த பேமென்ட் இஸ் டியூ ஆன் த டென்த்.
டியூ அட் – வந்து சேர வேண்டிய நேரம் – த லாரி இஸ் டியூ அட் சிக்ஸ்.
டியூ டு – அதனால், அந்தக் காரணத்தால் – த ஷிப்மென்ட் வாஸ் டிலேய்ட் டியூ டு ஹெவி ரெயின்.

மூன்றும் மூன்று தனி வார்த்தைகள் என்றே வைத்துக்கொண்டு, தனித்தனி நாளில் ஏற்றுங்கள். ஒரே நாளில் மூன்றையும் திணித்தால், கேட்கும்போது எது ஆன், எது டு என்பது கலந்துபோகும்.

அர்த்தத்தை அகராதித் தமிழில் எழுத வேண்டியதில்லை. லாஃப்ட் என்பதற்குப் பரண் என்று போட்டிருக்கும். உங்கள் வீட்டில் அட்டாலி என்றால் அட்டாலி என்றே எழுதுங்கள். பேக்யார்டுக்குப் பொடக்காலி. வாயில் புழங்குகிற சொல்லோடு கட்டினால்தான் இங்கிலீஷ் சொல் வெளியே வரும். சில இடத்தில் நம் சொல் ஒன்றாகவும் அவர்கள் சொல் இரண்டாகவும் இருக்கும். ஒரம்பரை என்றால் சொந்தமும் ஆகும், வீட்டுக்கு வந்த விருந்தும் ஆகும். அங்கே ரெலட்டிவ் வேறு, கெஸ்ட் வேறு. அந்த மாதிரி இடத்தில் வாக்கியம்தான் வேறுபாட்டைக் காட்டும்.

வாக்கியம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ரிலக்டன்ட் என்ற சொல்லுக்கு "ஹீ வாஸ் ரிலக்டன்ட்" என்று எழுதி வைத்தால் பிரயோஜனமில்லை. அந்தச் சொல்லை விரலால் மறையுங்கள்: அவர் சந்தோஷமாக, களைப்பாக, உயரமாக இருந்தார் என்று எதையும் அங்கே போடலாம். "ஹீ வாஸ் ரிலக்டன்ட் டு லெண்ட் மணி அகெய்ன்" என்று எழுதிவிட்டு மறைத்துப் பாருங்கள். மறுபடியும் பணம் கொடுக்க அவர் என்னவாக இருந்திருப்பார்? தயக்கம் தானாக வந்துவிடுகிறது. பின்னால் டு வரும் என்பதும் கூடவே பதிகிறது. 6 முதல் 12 சொற்களுக்குள், மறைத்தாலும் ஊகிக்க முடிகிற மாதிரி இருந்தால் அது நல்ல வாக்கியம். அதில் புதுச் சொல் ஒன்றுதான் இருக்க வேண்டும்; இரண்டு இருந்தால் எடுத்த வாக்கியத்தையே மாற்றுங்கள்.

நான்காம் பத்திக்குச் சொந்த வாக்கியம் எழுதும்போது, தமிழில் யோசித்து வரிசையாக மாற்றினால் சில பிழைகள் உறுதியாக வரும். கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தேன் என்பதில் உள்ள 'கு', "ரீச்ட் டு" என்று ஒரு டு-வை இழுத்து வரும். ரீச்ட் கோயமுத்தூர்தான் சரி. விலையைப் பற்றிப் பேசினோம் என்பதில் உள்ள 'பற்றி', "டிஸ்கஸ்ட் அபவுட்" என்று வரும், அபவுட் வேண்டாம். எனக்கு விளக்குங்க என்பது "எக்ஸ்பிளெயின் மீ" ஆகும். அங்கே மட்டும் டு வேண்டும், எக்ஸ்பிளெயின் டு மீ. ஒன்றில் டு கூடாது, இன்னொன்றில் டு இல்லாமல் ஆகாது. இதற்கு விதி தேடிக்கொண்டிருக்காமல் வினைச்சொல்லோடு ஒட்டியே எழுதிவைப்பதுதான் வழி. இன்னொன்று: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், மெஷினரி, லக்கேஜ் இவற்றின் கடைசியில் எஸ் சேராது. முதல் பத்தியில் பக்கத்திலேயே 'எஸ் இல்லை' என்று சிவப்பு மையில் குறித்துவிடுங்கள்.

எழுதிய வாக்கியம் சரியா என்று பார்க்க, மாணவர்களுக்கான இங்கிலீஷ்–இங்கிலீஷ் அகராதி ஒன்று வேண்டும். லாங்மேன் அகராதி 1978-ல் வந்தபோதே சுமார் 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்து விளக்கம் எழுதியது. அந்த வகை அகராதிகளில் எந்த வினைக்குப் பின் என்ன வரும் என்பதும் உதாரணத்தோடு இருக்கும். போனில் தமிழாக்கம் கேட்டால் போதாதா என்றால், தனிச்சொல்லாகக் கொடுத்தால் போதாது. அது பெயரா வினையா என்று தெரியாமல் ஒன்றைத் துப்பிவிடும். முழு வாக்கியத்தைக் கொடுங்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பிக் என்று எழுதினால் பெரியது, பன்றி, பொறுக்கி எடு என்ற மூன்றும் ஒன்றாகிவிடும். கோட் என்றால் மேலங்கியா, ஆடா, குறியீடா? இங்கே அச்சில் தமிழ் எழுத்தாக இருக்கிறது, நோட்டில் அப்படி வேண்டாம். போன் அகராதியில் ஒலியை மூன்று முறை கேட்டு, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு போடுங்கள். ஹோட்டல் என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அவர்கள் இரண்டாவதை.

திரும்பக் கேட்பது என்றால் வாசிப்பது அல்ல. முதல் பத்தியையும் நான்காம் பத்தியையும் அட்டையால் மூடி, வாக்கியத்தில் வரும் அந்தச் சொல்லையும் விரலால் மறைத்து, தமிழ் அர்த்தத்தைப் பார்த்து இங்கிலீஷ் வாக்கியம் முழுவதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடினால்தான் தெரியாதது தெரியும். தவறினால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, மறுபடி 1-ஆம் நாளிலிருந்து தொடங்குங்கள்.

பாரோ, லெண்ட் போல ஒன்றுக்கொன்று எதிரான சோடியை ஒரே நாளில் எடுக்காதீர்கள். கடன் வாங்குவதா கொடுப்பதா என்று ஆயுசுக்கும் குழம்பும். பாரோ ஃபிரம் நன்றாகப் பதிந்து, 7-ஆம் நாள் கேள்வியையும் தாண்டிய பிறகு லெண்ட் டு-வைத் தொடுங்கள்.

ஒரு வரியில் நான்கு புள்ளி விழுந்துவிட்டதென்றால், இன்னும் பத்து முறை உருப்போட்டாலும் ஏறாது; பெரும்பாலும் வாக்கியம்தான் சரியில்லை. பழைய வரியை அடித்துவிட்டு, உங்கள் கம்பெனி, உங்கள் தெரு, உங்கள் வீட்டு ஆள் யாராவது வருகிற மாதிரி புதிதாக ஒன்று எழுதுங்கள். அதற்கும் நான்கு புள்ளி விழுந்தால் அந்த வார்த்தையை விட்டுவிடலாம். தேவையான சொல் என்றால் அடுத்த மெயிலிலேயே திரும்ப வரும்.